மெட்டு ஏறும் சேக்காளிகள்

தேனி மாவட்டத்தில், நம் பள்ளத்தாக்கிலிருந்து மலைக்கு ஏறிப்போகும் வழிகளை மெட்டு என்கிறோம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்குலூத்து மெட்டு. இங்கே பிறந்தவர்களுக்கு மெட்டு என்பது வாசலில் நின்றால் மேற்கே தெரிகிற சுவர். அந்தச் சுவரில் இப்போது விடுமுறைக் காலைகளில் சைக்கிள்கள் ஏறுகின்றன. அடிவாரத்திலுள்ள முந்தலில் தொடங்கி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஓட்டுபவரும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை ஆயிரம் மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 780 கிலோ ஜூல் வேலை தேவை. நன்றாகப் பழகிய, ஆனால் சைக்கிளைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவர் 150 வாட் அளவுக்கு விடாமல் மிதித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். சாலையின் உரசலையும் காற்றையும் சேர்த்தால் இன்னும் கூடும். பணம் கிடையாது, வேலை உயர்வு கிடையாது, பாதியில் இறங்கித் திரும்பினால் கேட்பாரும் கிடையாது. பிறகு எது அந்த ஒன்றரை மணி நேரம் ஒருவரைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது? கஷ்டத்தைச் சேர்ந்து பட்டவர்கள் சேக்காளிகள் ஆகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வோம். நான் சொல்ல வந்திருப்பது அதன் தலைகீழ். சேர்க்கை முதலில் வருகிறது. தாக்குப்பிடிக்கும் வலு அதிலிருந்துதான் பிறக்கிறது. நெஞ்சுரம் என்று ஒருவருடைய தனிச்சொத்தாக நாம் புகழ்வதில் பெரும்பகுதி கூட்டுச்சொத்து. மலைச் சைக்கிள் பந்தயக்காரர்களிடம், அதுவும் ஆசைக்காக ஓட்டும் அமெச்சூர்களிடம், இது எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரிகிறது.

மனித மனத்தைச் சோதனைக்கு உட்படுத்திய தொடக்கக் கால ஆய்வுகளில் ஒன்று சைக்கிளில்தான் தொடங்கியது என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்லெட் என்பவர் 1898ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது சைக்கிள் பந்தயங்களின் நேரப் பதிவுகள். தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டியவர்கள், முன்னால் ஒருவர் வேகம் காட்ட அவர் பின்னால் ஓட்டியவர்கள், போட்டியாக ஓட்டியவர்கள் என்று மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தார். தனியாக ஓட்டியவர்கள்தான் மெதுவானவர்கள். பிறகு சிறுவர்களிடம் தூண்டில் நூல் சுற்றும் கருவியைக் கொடுத்துச் சுற்றச் சொல்லியும் பார்த்தார். அந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி முடிவு அல்ல. ஏன் இப்படி என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்கள். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக் கொடுக்கிறார் என்பது ஒரு காரணம். பக்கத்தில் ஆள் இருப்பது ஊக்கம் தருகிறது என்பது இன்னொன்று. மூன்றாவது நுட்பமானது: முன்னால் போகிறவர் வேகம் போதுமா, தம் தீர்ந்துவிடுமா என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் சக்கரத்தைப் பார்த்து மிதித்தால் போதும். அதாவது களைப்பில் ஒரு பங்கு காலில் இல்லை, கணக்குப் போடும் தலையில் இருக்கிறது. அந்தப் பங்கை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிச் சுமக்க முடியும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எல்லாம் காற்றுதான், முன்னவர் காற்றை மறைப்பதால் பின்னவருக்கு உழைப்பு குறைகிறது, இதில் தோழமைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சமவெளியில் இது முற்றிலும் சரி. தேனியிலிருந்து ஆண்டிபட்டி வரை வேகமாக ஓட்டும்போது ஒருவர் பின்னால் ஒருவர் ஒதுங்கினால் உழைப்பில் நல்ல மிச்சம் கிடைக்கும். ஆனால் காற்றின் தடை வேகத்தோடு பன்மடங்காகக் கூடுகிற ஒன்று. மணிக்கு 35 கிலோமீட்டரில் பெரும் எதிரியாக நிற்கும் காற்று, 10 கிலோமீட்டரில் ஏறக்குறைய இல்லாத ஒன்று. போடிமெட்டின் மேல் வளைவுகளில் ஒரு அமெச்சூர் மணிக்கு 10 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். அங்கே மறைப்பதற்குக் காற்றே இல்லை. சண்டை முழுவதும் சொந்த எடையோடுதான். இருந்தும் மலை ஏறுபவர்கள் சேர்ந்தே ஏறப் பார்க்கிறார்கள். காற்று என்ற காரணத்தைக் கழித்துவிட்ட பிறகும் மிஞ்சுவது எதுவோ, அதைத்தான் நான் பேசுகிறேன். மலை நமக்கு ஒரு சோதனைச்சாலையைப் போல அதைப் பிரித்துக் காட்டுகிறது.

அது வெறும் உற்சாகம் என்று விட்டுவிடவும் முடியாது, உடம்பில் அளந்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எம்மா கோஹன், ராபின் டன்பார் உள்ளிட்டோர் 12 படகோட்டி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2010இல் முடிவை அச்சிட்டார்கள். துடுப்பு வலிக்கும் இயந்திரத்தில் ஒரு நாள் தனியாகவும் இன்னொரு நாள் குழுவாகவும் 45 நிமிடம் பயிற்சி. முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எந்த அளவில் வலிக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். கடும் உழைப்புக்குப் பிறகு வலி தாங்கும் அளவு கூடுவது இயல்பு. ஆனால் குழுவாக வலித்த நாளில், உழைப்பு ஏறத்தாழ அதேதான் என்றபோதிலும், தனியாக வலித்த நாளைவிடக் கூடுதலாக வலி தாங்கினார்கள். 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்து மனித குலத்துக்கே விதி எழுதக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் அன்றைக்குச் சந்தித்த அந்நியர்கள் இல்லை. ஏற்கெனவே ஒரே அணியில் பழகியவர்கள். சேர்க்கை முன்னாடியே இருந்தது. வலுவை அது பிறகு கொடுத்தது.

மலைச் சைக்கிள் பந்தயம் பிறந்த கதையையே பாருங்கள். கலிபோர்னியாவில் மரின் வட்டாரம். 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு மண்பாதைச் சரிவில் நேரம் குறித்து இறங்கும் பந்தயம் நடத்தினார்கள். மூன்றே கால் கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். கையில் இருந்தவை பல பத்தாண்டுப் பழமையான, தடித்த டயர் போட்ட சைக்கிள்கள். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு முறை இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர அச்சிலிருந்த கிரீஸ் எரிந்து புகைந்து போகும். மறுபடி இறங்க வேண்டுமானால் அச்சைப் பிரித்து கிரீஸை அடைக்க வேண்டும். அந்த வேலையின் பெயரே பந்தயத்துக்கும் பாதைக்கும் பெயராகி, ரீபேக் என்று நின்றுவிட்டது. பரிசுப் பணத்துக்காக யாரும் வரவில்லை. அந்தச் சரிவில் மிக விரைவான நேரமான 4 நிமிடம் 22 விநாடியைப் பதிவு செய்தவர் கேரி ஃபிஷர். அதே சரிவில் போட்டியிட்ட ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதுச் சைக்கிள் சட்டம் செய்தார். பந்தயம் நடத்திய கெல்லியும் பந்தயத்தில் ஜெயித்த ஃபிஷரும் 1979இல் சேர்ந்து, டாம் ரிச்சி செய்து கொடுத்த சட்டங்களை வைத்து மலைச் சைக்கிள் விற்கத் தொடங்கினார்கள். காலையில் ஒருவரை ஒருவர் விநாடிக் கணக்கில் முந்தப் பார்த்தவர்கள் மாலையில் ஒரே பட்டறையில் அடுத்த சைக்கிளைப் பற்றி யோசித்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1990இல் கொலராடோவின் துராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் என்று அது வளர்ந்தது பிற்காலக் கதை. தோற்றவரின் யோசனையும் ஜெயித்தவரின் யோசனையும் ஒரே இரும்பில் பற்றவைக்கப்பட்ட விளையாட்டு இது என்பதுதான் நமக்கு வேண்டியது.

இன்னும் தெளிவான சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 2004இல் தொடங்கிய கேப் எபிக் என்ற மலைச் சைக்கிள் பந்தயம் எட்டு நாள் நடக்கிறது. அதில் தனி ஆளாகக் கலந்துகொள்ள முடியாது. இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு அணி. இருவருக்கும் இடையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது; விழுந்தால் தண்டனை நேரம். இந்த விதியை முதலில் படிப்பவருக்கு இது பலசாலியைக் கட்டிப்போடும் விதியாகத் தெரியும். யோசித்தால் வேறு ஒன்று புரியும். பலசாலி தன் வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பதும், பலம் குறைந்தவர் தன்னால் இன்னொருவர் தாமதிக்கிறாரே என்ற உறுத்தலைத் தாங்கிக்கொண்டு மிதிப்பதும், இரண்டுமே கடினமான காரியங்கள். முதலாமவருக்குப் பொறுமை வேண்டும். இரண்டாமவருக்கு வெட்கத்தை விழுங்கும் துணிவு வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பந்தயம் உரம் என்று அளக்கிறது. மிதிக்கிற கால்களை மட்டும் அளக்கவில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. கோயில் திருவிழாவென்றால் கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் உண்டு. தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று மாட்டின் அளவுக்கு ஏற்ற பிரிவுகள் உங்களுக்கு மனப்பாடம். இரட்டை மாட்டு வண்டியில் ஒருவர் உட்கார்ந்து கயிறு பிடிப்பார். இன்னொருவர் மாட்டோடு மாடாக ஓடுவார், ஓடிக்கொண்டே வண்டியில் தொற்றுவார், எடை கூடுகிறது என்று தோன்றினால் மறுபடி குதித்து ஓடுவார். ஒலிபெருக்கியில் கேட்பது மாட்டுக்காரர் பெயரும் அவர் ஊரும். மைல் கணக்கில் தார்ச்சாலையில் ஓடிய அந்த இரண்டாம் ஆளின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. அவர் எதற்காக ஓடுகிறார்? கயிறு பிடிப்பவர் தன்னை நம்பியிருக்கிறார் என்பதற்காக ஓடுகிறார். அங்கே பாடுபடுவது மாடு, மனிதரின் உரத்தைப் பற்றிப் பேச அந்தப் பந்தயத்தை இழுக்கலாமா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய பந்தயங்களுக்குத் தடை விதித்ததும், 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அவற்றை அனுமதிக்கும் மாநிலச் சட்டங்களை ஏற்றதும், இடையில் நடந்த விவாதமும் அந்தக் கேள்வியைச் சுற்றியவைதான். அதற்குள் நான் போகவில்லை. மாட்டோடு ஓடும் அந்த மனிதரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேப் எபிக் விதிப்புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதை அவர் எழுதப்படாத விதியாக ஓடிக் காட்டுகிறார்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. பந்தயம் என்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், மற்றவர் தோற்க வேண்டும். சேக்காளித்தனம் அதோடு எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. பரிசும் ஒப்பந்தமும் பெரிதாகும் அளவுக்கு, பஞ்சர் ஆகி நிற்பவரைத் தாண்டிப் போவதே முறை என்றாகிவிடும். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர்களுக்கு அது பிழைப்பு. மலைச் சைக்கிள் போட்டியிலேயே ஒரு காலத்தில் வெளியாள் உதவி வாங்கக் கூடாது, பஞ்சரோ செயினோ தானே சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற கண்டிப்பு இருந்தது. அந்தக் கண்டிப்பும் ஒருவகை உரத்தை வளர்த்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அமெச்சூர்கள் தாங்களே அமைத்துக்கொண்ட நிகழ்ச்சிகளைப் பார்த்தால் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெங்களூருச் சைக்கிள் ஆர்வலர்கள் 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் தார்ச்சாலைப் பயணம்தான், மண்பாதை இல்லை. என்றாலும் பொருத்தமான உதாரணம். மசினகுடியிலிருந்து 36 வளைவுகளோடு ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைச்சாலை அவர்களுடைய வழியில் பேர்போனது. பல நாள் பயணத்தில் குறிப்பிட்ட சில துண்டுகளுக்கு மட்டும்தான் கடிகாரம் ஓடும். மீதித் தூரம் சேர்ந்து போவது. போட்டியை விரட்டிவிடாமல், அதற்கு ஓர் எல்லை கட்டியிருக்கிறார்கள். பிரெவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் இன்னும் அழகு: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழியில் காரில் கூடவே வந்து உதவக் கூடாது. ஆனால் கூட ஓட்டுபவர் டியூப் கொடுக்கலாம், பம்பு கொடுக்கலாம், தூக்கம் வந்தால் பேசிக்கொண்டே வரலாம். கரையில் நிற்பவர் உதவக் கூடாது, கூட நீந்துபவர் உதவலாம். எந்த உதவி உரத்தைக் கெடுக்கும், எந்த உதவி உரத்தை உண்டாக்கும் என்பதை இதைவிடச் சரியாகப் பிரித்த விதியை நான் பார்த்ததில்லை.

இனி நம் மாவட்டத்தில் நின்று பேசும் எவரும் தவிர்க்கக் கூடாத விஷயத்துக்கு வருகிறேன். 2018 மார்ச் 11. குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேற்றத்துக்கு வந்த குழுக்கள் அதில் சிக்கின. 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அதே ஆண்டு அரசு விதிகள் கொண்டுவந்தது. இறந்தவர்களில் யாரையும் குறைசொல்ல எனக்கு வாயில்லை. காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்த தீயின் முன்னால் உரம் என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது. ஆனால் அந்த நாள் எழுப்பும் பொதுக் கேள்வியை எதிர்கொண்டே ஆக வேண்டும். கூட்டமாகப் போகும்போது தைரியம் கூடுகிறது என்றால், போகக் கூடாத இடத்துக்கும் அதே தைரியம் இழுத்துப் போகாதா? நிச்சயம் இழுத்துப் போகும். அதற்கு நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறது: உசுப்பேத்துவது. உசுப்பேத்துபவரும் சேக்காளியும் ஒரே முகத்தோடுதான் வருவார்கள். இரண்டு பேரும் ‘இன்னும் கொஞ்சம்தான், ஏறுடா’ என்பார்கள். வித்தியாசம் எப்போது தெரியும் என்றால், ஒருவர் முடியவில்லை என்று நின்ற பிறகு. உசுப்பேத்துபவருக்கு அந்த நேரத்தில் மேலே ஏறிப் பார்க்கும் காட்சி முக்கியம். சேக்காளி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூட இறங்குவார். இறங்குவது சுலபமில்லை. பாதி மலை ஏறிய ஒருவர், தன் கால்களில் இன்னும் பலம் இருக்கும்போது, இன்னொருவருக்காகத் திரும்புவதுதான் அன்றைய நாளின் மிகக் கடினமான மிதி. அப்படித் திரும்ப ஆளில்லாத குழுவை நான் தோழமை என்று சொல்ல மாட்டேன். குரங்கணியில் செய்தி தெரிந்ததும் தீ தின்ற சரிவை நோக்கி மேலே ஓடியவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். யாரென்றே தெரியாதவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மலையில் உரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, இதற்கு என்று அவர்களைத்தான் காட்டுவேன்.

கடைசி மறுப்பு எனக்கே பல நாள் உறுத்தியது. உரம், தாக்குப்பிடிப்பு என்றெல்லாம் ஆயிரக்கணக்கான ரூபாய் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து பேசுகிறீர்களே, தினம் தினம் அந்த மலைக்குப் பிழைக்கப் போகிறவர்களை என்ன சொல்வீர்கள்? போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகள் புறப்படுகின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள். போடியிலிருந்து போகிறவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து அந்த 17 வளைவுகளையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கடக்கிறார்கள். இடையில் ஒரு நாள் முழுக்கச் சரிவில் குனிந்து காய் எடுப்பது. சாக்குலூத்து மெட்டில் சாலை கேட்டு எத்தனையோ ஆண்டுகளாகக் கோரிக்கை இருக்கிறது. நடந்தே ஏறியவர்களின் பாதை அது. இவர்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்காரரின் உரம் எம்மாத்திரம்? இதற்கு நான் சொல்லும் பதில் இரண்டு பகுதி. ஒன்று, விரும்பி ஏற்ற கஷ்டமும் வேறு வழியில்லாமல் பட்ட கஷ்டமும் ஒன்றே அல்ல. ஒன்றின் பெருமையை எடுத்து மற்றதற்குப் பூசுவது பொய். கூலி உயர வேண்டும், ஜீப்பில் ஆள் குறைய வேண்டும் என்பதே அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது. உங்கள் உரம் வாழ்க என்று சொல்வது அல்ல. இரண்டாவது, என் வாதத்துக்கு அவர்களே பெரிய சான்று. ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கூட்டாகவே போவார்கள். அதில் ஒருவர் சுணங்கினால் பக்கத்து வரிசைக்காரி தன் கையோடு சேர்த்து அவருக்கும் எடுத்துப்போடுவாள். நாள் தாங்குவது அப்படித்தான். டிரிப்லெட்டும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்களும் கருவி வைத்து அளந்ததை அந்தப் பெண்கள் கூடையை வைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்று முளைக்குமானால், அது வேறு ஊரின் நகலாக வர வேண்டியதில்லை. இமாசலத்தின் எம்டிபி ஹிமாலயா என்ற மலைச் சைக்கிள் பந்தயம் 2005இல் தொடங்கியபோது அந்த மலைக்குத் தகுந்தபடி அமைத்துக்கொண்டார்கள். நம் மலைக்கு நாம் அமைத்துக்கொள்ளலாம். மண்பாதை வேண்டும் என்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே சக்கரத்துக்கு முன்னுரிமை கிடையாது, இருக்கவும் கூடாது. காட்டுக்கு வெளியே தோப்புகளுக்கு நடுவே, கால்வாய்க் கரைகளில், அடிவாரத்து வண்டிப்பாதைகளில் போதுமான தூரம் கிடைக்கும். மலைச்சாலை வேண்டுமென்றால் போடிமெட்டுக்கே ஒரு காலை அனுமதி கேட்கலாம். இரண்டு பேர் ஓர் அணி. நேரம் குறிப்பது முதலில் வந்தவருக்கு அல்ல, இரண்டாவதாக வந்தவரின் சக்கரத்துக்கு. ஒருவருக்காகத் திரும்பி இறங்கிய அணியின் பெயரையும் பரிசு மேடையில் வாசிக்க வேண்டும், ஒலிபெருக்கியில், ஊர்ப்பெயரோடு. புறப்படும் நேரத்தை மட்டும் பந்தயக்காரர்கள் முடிவு செய்யக் கூடாது. முந்தலில் நின்று, தோட்டத்துக்குப் போகும் கடைசி ஜீப் முதல் வளைவில் திரும்பி மறைந்த பிறகு கொடி அசைக்கலாம்.